கோஷ்டியார்

நான் வளர்ந்த தெருவுக்குப் பஜனை கோயில் தெரு என்று பெயர். சென்னையிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் இந்தப் பெயரில் தெருக்கள் நிறைய உண்டு. எங்கள் பஜனை கோயிலுக்குக் கோபுரம் கிடையாது. ஒரு நீளக் கூடம், சுவரில் ராமர் பட்டாபிஷேகப் படம், மூலையில் ஆர்மோனியப் பெட்டி, ஆணியில் தொங்கும் ஜால்ராக்கள், சிப்ளாக்கட்டை. அவ்வளவுதான். மார்கழி முழுக்க விடியலுக்கு முன்பே அங்கே பத்துப் பதினைந்து பேர் கூடி, பாடிக்கொண்டே தெருவைச் சுற்றி வருவார்கள். முன்னால் நின்று பாட்டை எடுத்துக் கொடுத்தவர் பகலில் தையல் கடை வைத்திருந்தார். மற்றவர்களில் மின்வாரியத்தில் வேலை செய்தவர் ஒருவர், பூக்கடைக்காரர் ஒருவர், ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் இருவர். யாரும் முறையாகச் சங்கீதம் படித்தவரில்லை. கூடத்தின் வாசலில் நீலப் பலகையில் வெள்ளை எழுத்தில் 'பஜனை கோஷ்டியார்' என்று எழுதியிருக்கும்.

அதே நாட்களில் வீட்டுக்கு வரும் செய்தித்தாளில் 'கோஷ்டி மோதல்', 'கோஷ்டிப் பூசல்' என்ற தலைப்புகளையும் எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தேன். கட்சிக்குள் அடித்துக்கொள்பவர்களும் கோஷ்டி, அதிகாலைக் குளிரில் சேர்ந்து பாடுபவர்களும் கோஷ்டி. ஒரே சொல் எப்படி இரண்டு வேலை செய்கிறது என்ற கேள்வி அப்போதே மனதில் விழுந்துவிட்டது. பிறகு அகராதிகளைத் திறக்கும்போதெல்லாம் என் கை தானாக இந்தச் சொல்லைத் தேடிப் போயிருக்கிறது.

கோஷ்டி சமஸ்கிருதத்திலிருந்து வந்தது. அங்கே அதன் மூலம் 'கோஷ்டம்'. 'கோ' என்றால் பசு. 'ஸ்த' என்பது நிற்றலைக் குறிக்கும் வேர். பசு நிற்கும் இடம், அதாவது மாட்டுத் தொழுவம். வேதப் பாடல்களிலேயே இந்தப் பொருளில் இது வருகிறது. தொழுவம் என்பது மாடுகளுக்கு மட்டுமான இடமா? மேய்த்துவிட்டு வந்தவர்கள் மாலையில் கூடிப் பேசுவதும் அங்கேதான். அப்படி இடத்தின் பெயர் கூட்டத்தின் பெயராகி, கூட்டத்தின் பெயர் அங்கே நடக்கும் பேச்சின் பெயராகி 'கோஷ்டீ' பிறந்தது. காமசூத்திரம் எழுதப்பட்ட காலத்துக்குள் அது நகரத்து நாகரிகர்கள் கூடிக் கவிதையும் கலையும் பேசும் சபை என்ற பொருளை அடைந்துவிட்டது. சாண வாடை முழுக்கப் போய்விட்டது.

பசு இந்தச் சொல்லிலிருந்து எவ்வளவு தூரம் மறைந்தது என்பதற்கு இலக்கணத்திலேயே ஒரு சான்று இருக்கிறது. பாணினியின் சூத்திரத்துக்கு எழுந்த வார்த்திகம் ஒன்று, 'கோஷ்டம்' என்பதை எந்த விலங்கின் பெயரோடும் சேர்த்து அதன் தொழுவத்தைக் குறிக்கலாம் என்கிறது. அதன்படி பசுவின் தொழுவத்தைச் சொல்லவே 'கோ-கோஷ்டம்' என்று பசுவை இரண்டாம் முறை சேர்க்க வேண்டியதாயிற்று. நமக்கு இது புதிதில்லை. எள்ளின் நெய் எண்ணெய். அந்த எள் மறந்துபோனதால்தான் தேங்காய் எண்ணெய், விளக்கெண்ணெய் என்கிறோம். எள்ளின் எண்ணெயையே நல்லெண்ணெய் என்று தனியாகச் சொல்கிறோம். அந்த வார்த்திகமும் எள்ளிலிருந்து வந்த 'தைலம்' என்ற சொல்லைக் கோஷ்டத்தின் பக்கத்திலேயே வைத்துப் பேசுகிறது.

தமிழுக்குள் இந்தச் சொல் மிகப் பழைய காலத்திலேயே நுழைந்துவிட்டது. கஷ்டம் கட்டமாகவும் நஷ்டம் நட்டமாகவும் மாறிய அதே வழியில் கோஷ்டி கோட்டியாயிற்று. திருக்குறளில் 'கோட்டி' இரண்டு இடங்களில் வருகிறது. கல்லாமை அதிகாரத்தின் முதற் குறள், நூல் நிரம்பக் கல்லாமல் கோட்டியில் பேசுவதைக் கட்டம் வரையாமல் வட்டாடுவதோடு ஒப்பிடுகிறது. அவை அறிதலின் கடைசிக் குறள், தன் இனத்தவர் அல்லாதவர் முன் கோட்டி கொள்வதைச் சாக்கடையில் கொட்டிய அமிழ்தம் என்கிறது. இரண்டிலும் கோட்டி என்றால் கற்றவர் கூடிய அவை, அந்த அவையில் பேசும் பேச்சு. வளைவைக் குறிக்கும் 'கோடு' என்ற தமிழ் வேரிலிருந்து, வட்டமாக அமர்ந்த கூட்டம் என்று இதற்குப் பொருள் காட்ட ஒருவர் முயலலாம். வட்டம் எனக்கும் பிடித்தமான படிமம்தான். ஆனால் ஒலிமாற்றமும் பொருளும் சமஸ்கிருதச் சொல்லோடு இவ்வளவு நெருக்கமாகப் பொருந்தும்போது வேறு வேரைத் தேடிப் போக எனக்கு மனமில்லை. திருநெல்வேலிப் பக்கம் பைத்தியத்தைக் 'கோட்டி' என்பார்களே, அதற்கு வேண்டுமானால் அந்தக் 'கோடு' பொருந்தும்.

அவையைக் குறித்த சொல் பாட்டோடு சேர்ந்ததற்கு வைணவக் கோயில்களைத்தான் பார்க்க வேண்டும். சிவகங்கை மாவட்டத்தில் திருக்கோஷ்டியூர் இருக்கிறது. ஆழ்வார்கள் பாடிய வடிவம் திருக்கோட்டியூர். இரணியனை வெல்லும் வழி தேடித் தேவர்களும் முனிவர்களும் கோஷ்டியாகக் கூடிய ஊர் என்பது தலவரலாறு. ஊரின் புகழுக்கு இன்னொரு காரணம் இராமானுசர். திருக்கோட்டியூர் நம்பியிடம் திருவரங்கத்திலிருந்து பதினெட்டு முறை நடந்து வந்து பெற்ற மந்திரப் பொருளை, யாருக்கும் சொல்லக்கூடாது என்ற ஆணையை மீறி, கோயிலின் மேலே ஏறி நின்று எல்லோருக்கும் சொல்லிவிட்டார் என்பது மரபு. ஒருவர் காதில் மட்டும் சொல்ல வேண்டியதைக் கூட்டத்துக்கே கொடுத்த கதை, கூட்டம் என்று பொருள்படும் ஊரில் நடந்ததாகச் சொல்லப்படுவதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய் சிலிர்க்கும்.

வைணவக் கோயில்களில் இன்றும் 'கோஷ்டி' என்றால் திவ்வியப் பிரபந்தம் ஓதும் குழு. மார்கழியில் திருப்பாவை கோஷ்டி. ஓதி முடித்துத் தீர்த்தம் வாங்குவதையும் கோஷ்டி என்றே சொல்வார்கள். பெருமாள் வீதியுலா போகும்போது கோஷ்டி முன்னால் நடக்கும். இந்த ஓதலுக்கு முறை வகுத்தவர் நாதமுனிகள் என்றும், கீழையகத்தாழ்வான், மேலையகத்தாழ்வான் என்ற தம் மருமக்கள் இருவருக்கு அதைத் தாளத்தோடு கற்பித்தார் என்றும் குருபரம்பரை சொல்கிறது. கோஷ்டி ஓதுவதை அருகில் நின்று கேட்டால் ஒன்று புரியும். ஒருவர் முதற் சொல்லைத் தொடங்குவார், மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். பிறகு தொடங்கியவர் யாரென்று குரலை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. தலைமை அந்த முதற் சொல்லோடு முடிந்துவிடுகிறது.

பஜனை மரபு இதற்குக் கொஞ்சம் மாறானது. போதேந்திரர், ஸ்ரீதர அய்யாவாள், மருதாநல்லூர் சத்குரு சுவாமிகள் ஆகிய மூவரின் பெயரைச் சொல்லித்தான் பாகவதர்கள் பஜனையைத் தொடங்குவார்கள். காவிரிக் கரையில் உருவான அந்த முறையில் முன்னால் இருப்பவர் ஒரு வரி பாடுவார், கூட்டம் அதைத் திருப்பிப் பாடும். முன்பாட்டு, பின்பாட்டு. இதிலிருந்துதான் சாதி சாதியாக, தெருத் தெருவாகப் பஜனைக் கூடங்கள் முளைத்தன. எங்கள் தெருக் கூடமும் அப்படி வந்ததே.

இந்த இடத்தில் தமிழ் செய்த ஒரு காரியம் என்னை வருத்துகிறது. சேர்ந்து பாடுவதிலிருந்து நாம் எடுத்த உவமைகள் அத்தனையையும் வசைகளாக்கி வைத்திருக்கிறோம். அதிகாரத்தில் இருப்பவருக்கு அடிபணிகிறவன் 'ஜால்ரா'. சொன்னதையே சொல்கிறவன் 'பின்பாட்டுப் பாடுகிறான்'. தன் புத்தி இல்லாமல் எல்லோரோடும் சேர்ந்தால் 'கூட்டத்தோடு கோவிந்தா'. தாளம் போடுவதும் வசை, ஒத்து ஊதுவதும் வசை. சினிமாவிலிருந்து வந்த 'கோரஸ் பாடுவது'கூட அதே கதிக்கு ஆளாகிவிட்டது. கடைசியில் கோஷ்டியே சண்டைக்காரர்களின் பெயராயிற்று.

பஜனையில் ஒரு முறையாவது உட்கார்ந்தவருக்குத் தெரியும், பின்பாட்டு என்ன வேலை செய்கிறதென்று. பாகவதர் வரியின் கடைசிச் சொல்லை விடும்போது அவர் நெஞ்சில் மூச்சு இருக்காது. கூட்டம் அந்த வரியை வாங்கிக்கொள்ளும் நேரத்தில்தான் அவர் மூச்சு எடுக்கிறார். பின்பாட்டு இல்லையென்றால் அரை மணி நேரத்தில் அவர் குரல் கட்டிவிடும். கூட்டத்துக்குள்ளும் இதே பரிமாற்றம் நடக்கிறது. நான் மூச்சு வாங்கும் கணத்தில் பக்கத்தில் இருப்பவர் இழுத்துப் பிடிப்பார், அவர் வாங்கும்போது நான் பிடிப்பேன். அதனால்தான் வெளியே நின்று கேட்பவருக்கு மூச்சே விடாத ஒரு பெரிய குரல் கேட்கிறது. ஜால்ராவின் பொறுப்பு அதைவிடப் பெரியது. கூடத்தில் இருக்கும் எல்லோரும் வேகம் கூட்டலாம், தளரலாம்; அந்த இரண்டு வெண்கலக் கிண்ணங்கள் மட்டும் பிசகக் கூடாது. எங்கள் தையற்காரர் புதிதாக வருபவரிடம் ஆர்மோனியத்தைக்கூடக் கொடுத்துவிடுவார். ஜால்ராவைக் கொடுக்க ஒரு மார்கழி முழுக்கக் காத்திருப்பார்.

மற்ற மொழிகள் இந்தச் சொல்லை வேறு வேறு பக்கம் கொண்டுபோயின. இந்தியிலும் கன்னடத்திலும் கோஷ்டி என்றால் கருத்தரங்கு; பத்திரிகையாளர் சந்திப்பைக் கன்னடத்தில் 'பத்ரிகா கோஷ்டி' என்பார்கள். மராத்தியில் 'கோஷ்ட்' என்றால் கதை, பாட்டி சொல்லும் கதை. வங்காளத்தில் குலம், கூட்டம். மலையாளத்தில் கோஷ்டி காட்டுவதென்றால் முகத்தைக் கோணலாக்கி வக்கணை காட்டுவது. பாட்டும் பகையும் ஒரே சொல்லில் இவ்வளவு அழுத்தமாகக் குடியேறியது தமிழில்தான்.

இரண்டு பொருளும் ஒரே இடத்தில் மோதிக்கொண்ட ஊர் ஒன்றும் இருக்கிறது. தியாகராஜர் 1847 ஜனவரி 6 அன்று திருவையாற்றில் மறைந்தார். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவருடைய ஆராதனையை நடத்துவதில் பிளவு வந்து, பெரிய கட்சி, சின்னக் கட்சி என இரண்டு அணிகள் தனித்தனியே விழா எடுத்தன. தம் சொத்தைச் செலவழித்து அங்கே சமாதிக் கோயிலைக் கட்டி 1926-இல் குடமுழுக்குச் செய்தவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். தேவதாசி மரபில் பிறந்தவர். ஆனால் அந்தக் கோயிலில் பெண்கள் பாட இடம் இல்லை என்றார்கள். அவர் பெண்களைத் திரட்டி மூன்றாவதாக ஓர் அணியை உண்டாக்கினார். செய்தித்தாள் மொழியில் சொன்னால் மூன்று கோஷ்டிகள். 1940-ஐ ஒட்டி இவை ஒன்றாயின. அதன் பிறகே நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்ற ஐந்து ராகங்களில் அமைந்த பஞ்சரத்ன கீர்த்தனைகளை எல்லோரும் சேர்ந்து பாடும் வழக்கம் நிலைபெற்றது. அதற்குப் பெயர் கோஷ்டி கானம். கோஷ்டிகள் தீர்ந்த இடத்தில் கோஷ்டி கானம் வந்தது. இந்தச் சொல்லின் வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த பக்கம் இது.

கோஷ்டி கானத்தில் ஒருவர் எழுந்து நின்று கையசைப்பதில்லை. எல்லோரும் வரிசையாக எதிரும் புதிருமாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஐந்தும் ஆதி தாளம். ஒவ்வொருவர் தொடையிலும் ஒரு கை விழுந்து எழுகிறது. புகழ்பெற்ற வித்வான் கையும், பின்வரிசையில் ஊரிலிருந்து ரயிலேறி வந்த பாட்டு டீச்சரின் கையும் ஒரே நேரத்தில் தட்டுகின்றன. நடத்துகிறவரின் வேலையை இங்கே எல்லோரும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள்.

நடத்துகிறவர் என்று எழுதும்போதே கை தயங்குகிறது. மேற்கத்திய பாடற்குழுவின் முன்னால் நிற்பவருக்குத் தமிழில் நல்ல பெயர் இன்னும் அமையவில்லை. 'நடத்துநர்' என்ற சொல்லைப் பேருந்து எடுத்துக்கொண்டுவிட்டது. தேவாலயங்களில் 'கொயர் மாஸ்டர்' என்பார்கள். ஆனால் கிறிஸ்தவத் தமிழ் இதற்கு வெகு காலத்துக்கு முன்பே அழகான ஒரு சொல்லைச் செய்துவைத்திருக்கிறது: இராகத்தலைவன். தமிழ் வேதாகமத்தின் சங்கீதப் புத்தகத்தில் 55 சங்கீதங்களின் தலைப்பில் இந்தப் பெயர் நிற்கிறது. எபிரேய மூலத்தில் அந்த இடத்தில் இருப்பது 'மெனட்சேயாக்'. அதே வேர்ச்சொல் நாளாகமப் புத்தகத்தில் ஆலயம் கட்டும் வேலையை மேற்பார்த்தவர்களுக்கு வருகிறது. கல் சுமந்தவர்களுக்கும் மலையில் கல் வெட்டியவர்களுக்கும் மேலே 3600 மேற்பார்வையாளர்கள். கட்டட வேலையின் மேஸ்திரிதான் பாட்டுக்கும் தலைவர். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பாளர்கள் இந்தச் சொல்லில் தடுமாறி 'முடிவுவரை' என்று பெயர்த்தார்கள். தமிழில் பெயர்த்தவர்கள் மேற்பார்வையை விட்டுவிட்டு இராகத்தைக் கொண்டுவந்தார்கள். இன்றைய எபிரேயத்தில் இசைக்குழுவின் முன் நிற்பவருக்கு இதே சொல்தான் வழங்குகிறது.

தேவாலயக் குழுவுக்கு நாம் வைத்துக்கொண்ட 'கொயர்' நெடுந்தூரம் நடந்து வந்த சொல். கிரேக்கத்தின் கோரோஸ், இலத்தீனில் கோருஸ், பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் குவயர். பதினேழாம் நூற்றாண்டில் இலத்தீனைப் பார்த்து எழுத்தை மாற்றினார்கள், உச்சரிப்பை மாற்றவில்லை. அது பாடுகிறவர்களை மட்டும் குறிக்காது. பேராலயத்தில் பாடகர்கள் அமரும் பகுதிக்கும் அதே பெயர். பாடுகிறவர்களும் அவர்கள் இருக்கும் இடமும் ஒரே சொல்லில், கோஷ்டியைப் போலவே. மூலச் சொல்லிலும் இந்த இரட்டைத்தன்மை இருந்தது. ஹோமரின் இலியத்தில் கோரோஸ் என்பது ஆடுகளமாகவும் வருகிறது. ஸ்பார்ட்டாவின் சந்தைத் திடலில் ஒரு பகுதிக்கே கோரோஸ் என்று பெயர் இருந்ததைப் பயணி பௌசானியாஸ் எழுதிவைத்திருக்கிறார்.

ஏதென்சில் கோரோஸ் முழுக்க முழுக்கக் குடிமக்களின் காரியம். நகரத் தியோனீசிய விழாவில் பத்துக் குலப்பிரிவுகளும் ஒவ்வொன்றும் ஐம்பது ஆண்கள் கொண்ட ஒரு குழுவையும் ஐம்பது சிறுவர்கள் கொண்ட ஒரு குழுவையும் இறக்க வேண்டும். ஒரே விழாவில் ஆயிரம் பேர், ஒருவரும் தொழில்முறைப் பாடகர் இல்லை. பயிற்சி கொடுப்பவருக்குக் கோரோடிடாஸ்கலோஸ், கோரோஸின் ஆசிரியர். 'கோரெகோஸ்' என்ற சொல் முதலில் கோரோஸை நடத்திச் செல்பவரைக் குறித்தது; பிறகு உடைக்கும் பயிற்சிக்கும் செலவை ஏற்கும் செல்வரின் பெயராயிற்று. நம் ஊர் உபயதாரர்தான். கி.மு. 335–334-இல் சிறுவர் குழுவுக்குச் செலவழித்து வெற்றி பெற்ற லீசிக்ராட்டஸ் அந்தப் பரிசை வைக்கக் கட்டிய நினைவுச் சின்னம் ஏதென்சில் இன்னும் நிற்கிறது. பிளேட்டோ 'சட்டங்கள்' நூலில், கல்வி இல்லாதவர் என்பதும் கோரோஸில் பழகாதவர் என்பதும் ஒன்றே என்கிறார். கோரோஸ் என்ற சொல், மகிழ்ச்சி என்று பொருள்படும் 'காரா'விலிருந்து வந்தது என்றும் சொல்கிறார். சொல்லாராய்ச்சியாக அது நிற்காது. சேர்ந்து பாடியவரின் சாட்சியமாக நான் அதை எடுத்துக்கொள்கிறேன்.

நிற்கக்கூடிய விளக்கம் வேறு. 'கோர்டோஸ்' என்று கிரேக்கத்தில் ஒரு சொல் உண்டு, வேலியடைத்த முற்றம், கால்நடைக் கொல்லை. அறிஞர்களில் ஒரு தரப்பினர் கோரோஸையும் அதே வேரில் வைத்து, அடைப்புக்குள்ளான களம் என்று பொருள் காண்கிறார்கள். எல்லோரும் ஒப்புக்கொண்ட முடிவில்லை. ஆனால் அந்த வேரைச் சேர்ந்த இலத்தீன் 'கோஹோர்ஸ்' விஷயத்தில் சந்தேகம் கிடையாது. பண்ணை முற்றம் என்ற பொருளில் தொடங்கி, படைப்பிரிவாகி, அரசவையாகி, நாம் தினமும் சொல்லும் 'கோர்ட்டு' ஆனது அதுதான்.

கோர்ட்டுக்குத் தமிழ் நீதிமன்றம். அந்த மன்றம் எது? கபிலரின் குறிஞ்சிப்பாட்டில், மாலையில் கன்றை நினைத்துக் கத்திக்கொண்டே பசுக்கூட்டம் வந்து நிறைவது மன்றில்தான். ஊர் நடுவில் மரத்தடியில் மாடுகளும் மனிதர்களும் கூடும் பொது இடம். மன்றம், மந்தை, கோஷ்டம், கோர்ட்டு. ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளாத மொழிகள் கூட்டத்துக்குப் பெயர் தேடிப் போனபோது மாட்டுக் கொட்டிலின் வாசலில் வந்து நின்றிருக்கின்றன.

தமிழில் அந்த வாசலிலேயே ஒரு பாடற்குழு இருக்கிறது. சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவை. மதுரைக்கு வெளியே ஆயர்பாடியில் தீய நிமித்தங்கள் தோன்றுகின்றன. பிரையிட்ட பால் உறையவில்லை, காளையின் கண்ணில் நீர் வடிகிறது, உறியில் வைத்த வெண்ணெய் உருகவில்லை, மாட்டின் கழுத்து மணி அறுந்து விழுகிறது. மூதாட்டி மாதரி, கறவைகளின் துயர் தீரக் குரவை ஆடுவோம் என்கிறாள். மாயவன் தம்முனோடு ஆடியதை நினைந்து ஆடும் இந்தக் கூத்துக்கு இளங்கோ குறிப்பிடும் களம் எருமன்றம். எருவும் மன்றமும் ஒரே சொல்லில். மாதரி ஏழு பெண்களை வட்டமாக நிறுத்தி, அவர்களுக்குக் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என ஏழு சுரங்களின் பெயரை இடுகிறாள். பிறகு குரலை மாயவன் என்றும் இளியைப் பலதேவன் என்றும் துத்தத்தை நப்பின்னை என்றும் அழைக்கிறாள். ஆளை நிறுத்துவது, சுரத்தைக் கொடுப்பது, பாத்திரத்தைப் பிரிப்பது. பாடற்குழுவை நடத்தும் யாரும் இன்றும் செய்கிற மூன்று காரியங்களையும் பால் விற்ற ஒரு பாட்டி எருமன்றத்தில் நின்று செய்துவிட்டாள். அவளுடைய விருந்தாளி கண்ணகி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆளுக்கொரு சுரம் என்ற மாதரியின் முறையை நினைவூட்டுவது, சுரங்களைப் பெயரிட்டுக் குறிக்கும் தேவாலயத்துச் சோல்ஃபா முறை. நாரிச் நகரத்து ஆசிரியை சாரா குளோவர் உருவாக்கியதை ஜான் கர்வென் 1840-களில் எடுத்து விரித்தார். ஐந்து கோட்டுக் குறிமானம் படிக்க வாய்ப்பில்லாத தொழிலாளர்களும் குழந்தைகளும் பாட வேண்டும் என்பது அவர் நோக்கம். மிஷனரிகளோடு அது மிசோரம்வரை போயிற்று. பாடற்குழுவுக்கு மிசோ மொழியில் 'சாய்பால்', பாட்டுக் கூட்டம். அதன் முன் நிற்பவர் 'சாய்ஹ்ருவாய்டு', பாட்டை வழிநடத்துபவர். வேறெந்த வேலையிடமும் கடன் வாங்காமல் நேராக வைத்த பெயர். டிசம்பரில் நம் ஊர்த் தேவாலயக் கொயர்கள் வீடு வீடாகக் 'கேரல் ரவுண்ட்ஸ்' போவது தொழுவத்தில் பிறந்த குழந்தைக்காக. கேரல் என்ற சொல்லும் முதலில் பாட்டின் பெயரில்லை. கைகோத்து வட்டமாக ஆடிக்கொண்டே பாடும் பிரெஞ்சுக் கூத்தின் பெயர் அது. நம் குரவையேதான்.

ஒரே சுரத்தில் எல்லோரும் பாடுவது கோஷ்டி கானம். ஒரே நேரத்தில் வெவ்வேறு சுரங்களில் பாடிப் பொருந்துவதற்குத் தமிழில் தனிப் பெயர் தேவைப்பட்டது. வானொலி கேட்டவர்களுக்கு அந்தப் பெயர் பழக்கம்: சேர்ந்திசை. அதைத் தமிழ்நாட்டில் ஓர் இயக்கமாக நடத்தியவர் எம்.பி. சீனிவாசன். 'பாதை தெரியுது பார்' படத்துக்கும் எண்ணற்ற மலையாளப் படங்களுக்கும் இசையமைத்தவர், திரையிசைக் கலைஞர்களுக்குச் சங்கம் கட்டியவர். கல்கத்தாவில் ரூமா குஹா தாகுர்தா 1958-இல் யூத் கொயரைத் தொடங்கியிருந்தார். சென்னையில் 1970-களின் தொடக்கத்தில் எம்.பி.எஸ். மெட்ராஸ் யூத் கொயரைத் தொடங்கி, பாரதியைப் பல குரல்களில் பாடவைத்தார். 1988 மார்ச்சில் இலட்சத்தீவுக்குப் போயிருந்த இடத்தில் இறந்தார்.

சேர்ந்திசை என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள். 'இசை' என்பது பாட்டு. 'இசைதல்' என்றால் ஒப்புக்கொள்ளுதல், பொருந்துதல். இசைவு தருவது, இசைந்து போவது எல்லாம் அதிலிருந்து. ஆகவே சேர்ந்திசை ஒரு பெயர்ச்சொல்லாக நிற்கும்போதே ஓர் ஏவலாகவும் ஒலிக்கிறது: சேர்ந்து இசை. பாடு என்றும் கேட்கலாம், உடன்படு என்றும் கேட்கலாம். கோஷ்டி கைவிட்ட பொருளை இந்தப் புதுச்சொல் வேறு வேரிலிருந்து மீட்டுக் கொண்டுவந்திருக்கிறது.

ஆனாலும் பழைய சொல்லை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. போன மார்கழியில் எங்கள் தெருவுக்குப் போயிருந்தேன். தையற்காரர் இல்லை. அவர் இடத்தில் கைபேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் ஓர் இளைஞர் நிற்கிறார். நான்கைந்து பெண்களும் சேர்ந்திருக்கிறார்கள், முன்பு அது இல்லை. வாசற் பலகைக்குப் புதுச் சாயம் பூசியிருந்தார்கள். செய்தித்தாள் 'இரு கோஷ்டியினர்' என்று எழுதும். பலகையில் அந்தச் சொல்லின் கடைசியில் இன்னும் 'ஆர்' இருந்தது. தந்தையாருக்கும் புலவனாருக்கும் போடுகிற 'ஆர்'. உள்ளே ஒரு பெண்ணிடம் ஜால்ராவைக் கொடுத்துவிட்டு அந்த இளைஞர் மூச்சை இழுத்து முதல் வரியைத் தொடங்கினார்.